கயிற்றில் ஏறி வந்த ஃப்ரிட்ஜ்

லாத்தா,

இன்று காலை ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தூசு தட்டலாமென்று அதைக் கொஞ்சம் முன்னால் இழுத்தேன். சுவரோரம் ஓர் ஆணி கிடந்தது. நடுவிரல் நீளம் இருக்கும். துருவேறிக் கறுத்து, நுனி வளைந்து. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது நீங்கள் பிடுங்கிய ஆணி. ஃப்ரிட்ஜ் வந்த அன்றைக்குத் தெறித்து ஓடி, யார் காலிலாவது குத்திவிடுமே என்று நாம் தேடித் தேடிக் கிடைக்காமல் போனது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு உங்கள் பொருள் எதைத் தொட்டாலும் எனக்கு அழுகை வரும். இன்றைக்கு அப்படி இல்லை. சிரிப்புதான் வந்தது. தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன்.

நான் பாலக்காட்டிலிருந்து இந்த மட்டாஞ்சேரி வீட்டுக்குக் கல்யாணமாகி வரும்போது, ஓரகத்தியோடு பார்த்து நடந்துகொள் என்று எனக்குச் சொல்லி அனுப்பாத சொந்தக்காரர் இல்லை. அந்த ஓரகத்தியான நீங்களோ முதல் நாள் காலையில் என்னைக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "உனக்கு இடியாப்பம் பிழியத் தெரியுமா?" தெரியும் என்றேன். "அப்ப நாம பிழைச்சிக்கலாம்" என்றீர்கள். உங்கள் மாப்பிள்ளைக்கு, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணனான பெரிய மச்சானுக்கு, கொச்சங்காடியில் மிளகு மூட்டைகள் அடுக்கும் பாண்டிகசாலையில் வேலை. என் வீட்டுக்காரர் வளைகுடாவில். நாம் இருவரும் விடியலில் இடியாப்பம் அவித்துச் சாயாக்கடைகளுக்குக் கொடுத்தோம். நாம் இருந்தது ஒரு பழைய பாண்டிகசாலையின் மாடியில். கீழே இன்னமும் சுக்கு மூட்டைகள். நம் துணிமணி, தலையணை, ஏன் நாம் குடிக்கிற தண்ணீர்கூடச் சுக்கு மணக்கும்.

உங்களுக்குச் சர்க்கரை கூடி, மாத்திரை போதாமல் இன்சுலினுக்கு மாற்றினார்கள். அந்த மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். நம்மிடம் ஃப்ரிட்ஜ் கிடையாது. எதிர்வீட்டு சாவித்திரி சேச்சி, தன் ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளச் சொன்னார். நல்ல மனசு அவருக்கு. ஆனாலும் காலையிலும் மாலையிலும் இன்னொருவர் வீட்டு அடுக்களைக்குப் போய் நிற்பது லேசான காரியமா? அவர்கள் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் வாசலிலேயே நிற்பீர்கள். "கேறி வா" என்று அவர் உள்ளே கூப்பிட்டாலும், "இல்ல சேச்சி, நீங்க சாப்பாடு கழிங்க, நான் நிக்கேன்" என்பீர்கள். அவர்கள் ஊருக்குப் போனால் மருந்தை ஈரத்துணியில் சுற்றிப் புது மண்பானைக்குள் இறக்குவோம். பானை வெடித்துவிடக் கூடாதே என்று இரண்டு பேரும் அதைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்வோம்.

பிறகு அந்தச் சித்திரை மாதம். ஊசி தவறாமல் போட்டும் நாளுக்கு நாள் நீங்கள் துவண்டீர்கள். நாக்கு வறண்டது. இடியாப்ப உரலைப் பிடித்தபடியே ஒரு காலை சரிந்தீர்கள். ஆஸ்பத்திரியில், மருந்துக் குப்பி எங்கே இருந்தது என்று நர்ஸ் கேட்டபோது, ஃப்ரிட்ஜில்தான் என்று நான் அடித்துச் சொன்னேன். "ஃப்ரிட்ஜில எங்கே?" என்றார் அவர். சேச்சியின் ஃப்ரிட்ஜ் ஒற்றைக் கதவு வைத்தது. ஐஸ் பெட்டி உள்ளேயே, மேல்தட்டில். பொருள் அதிகமான ஒரு நாளில் யாரோ உங்கள் குப்பியை அந்த ஐஸ் பெட்டிக்கு ஒட்டி நகர்த்தி வைத்திருக்கிறார்கள். மருந்து உறைந்து, பிறகு உருகியிருக்கிறது. "உறைஞ்சுபோன இன்சுலின் வெறும் தண்ணி மாதிரி, வேலை செய்யாது" என்றார் நர்ஸ்.

சேச்சி ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். நீங்கள் அவரைத் தேற்றினீர்கள். அவர் போனதும் என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்: "ஃப்ரீசர் மேல தனியா இருக்கணும். அதுக்குத் தனிக் கதவு இருக்கணும். அப்படி ஒண்ணு நம்ம வீட்டுல நிக்கணும்." கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. கடைக்குப் போய்ப் பேரம் பேசுகிறவரின் குரல் உங்களுக்கு.

மழைக்காலம் முழுக்க இடியாப்பத்தோடு அரிசி மாவில் பத்திரியும் தட்டிப் போட்டோம். ஓணத்துக்குக் கடைகளில் கூட்டம் அலைமோதியபோது நாமும் போய் நின்றோம். விற்பனைக்காரர் பெரிய பெரிய ஃப்ரிட்ஜ்களைத் திறந்து காட்டினார். நீங்கள் எதற்கும் அசையவில்லை. மேலே ஃப்ரீசர் வைத்த, நடுத்தர உயரமான, ஆகாய நீலத்தில் இருந்த ஒன்றைத் திறந்து, கீழ்ப்பகுதியின் நடுத்தட்டில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றீர்கள். "இங்க வெச்சா ஒறையாதுல்லே?" உறையாது என்று அவர் சொன்னதும்தான் கண்ணைத் திறந்தீர்கள்.

வண்டி வந்தபோது சந்தே வேடிக்கை பார்த்தது. கொண்டுவந்த ஆட்கள் நம் மரப் படிக்கட்டை ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். நடுவில் திரும்புகிற இடத்தில் ஆள் ஒருவர் ஒருக்களித்துத்தான் ஏற முடியும். அட்டைப்பெட்டியைப் பிரித்தாலும் ஃப்ரிட்ஜ் நிமிர்ந்து திரும்பாது. படுக்க வைத்தால் மோட்டார் கெட்டுப்போகும் என்றார்கள். கீழே வைக்கவும் வழியில்லை. அது சுக்கு வியாபாரியின் இடம், போதாததற்கு, கடல் பொங்கும் வேலியேற்றத்துக்குக் காயல் தண்ணீர் உள்ளே வந்து கணுக்கால்வரை நிற்கும்; மூட்டைகளையே பரணில்தான் அடுக்குவார்கள். பெரிய மச்சான் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நடக்காது. திருப்பிக் கொடுத்திரலாம். நாளைக்கு வேற வீடு பார்க்கும்போது வாங்கலாம்" என்றார்.

"நாளைக்கு எனக்கு ஊசி இருக்கு" என்றீர்கள் நீங்கள்.

மேகம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. நீங்கள் சந்தின் எதிர்ப்பக்கம் போய் நின்று நம் வீட்டையே அண்ணாந்து பார்த்தீர்கள். நானும் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது பாசி படிந்த சுவரும் ஓடும்தான். உங்களுக்கு மாடிச் சுவரின் நடுவே இரண்டு பெரிய மரப்பலகைக் கதவுகள் தெரிந்தன. அதற்கு மேலே, கூரைக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த உத்திரமும், அதில் தொங்கிய இரும்புக் கப்பியும் தெரிந்தன. அந்தக் காலத்தில் மூட்டைகளைச் சந்திலிருந்து நேரே மாடிக்கு ஏற்றிய வழி அது. உள்ளே, அந்தக் கதவுகளின் மேல் ஆணியடித்துத் தகரம் போட்டு, அதன்மேல் நாம் காலண்டர் மாட்டியிருந்தோம். வருஷக்கணக்காக நான் அதைச் சுவர் என்றே நினைத்திருந்தேன்.

"மூட்டை ஏறின வழியில இது ஏறாதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மாடிக்குப் போய்விட்டீர்கள்.

கலூரில் இருந்த வீட்டு முதலாளியை மச்சான் போனில் கூப்பிட்டார். அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. அந்தக் கதவைத் திறந்து காலம் ஆச்சு, தொட்டால் சட்டத்தோடு பெயர்ந்து விழும், சந்தில் யார் தலையிலாவது விழுந்தால் யார் பதில் சொல்வது என்று. நீங்கள் போனை வாங்கினீர்கள். "சார், விழுந்தா நாங்க புதுசு வெச்சுத் தாறோம். விழலைன்னா நீங்க ஒரு நாள் வந்து எங்க வீட்ல குளுகுளுன்னு நாரங்கா வெள்ளம் குடிக்கணும்." எலுமிச்சைச் சாறு என்றதும் அவர் குரல் இறங்கியது. பிறகு, "சூட்சிச்சு செய்யுங்க" என்று மட்டும் கேட்டது. பார்த்துச் செய்யச் சொன்னார்.

சுத்தியலின் பின்முனையால் நீங்களே ஆணிகளைப் பிடுங்கினீர்கள். நான் தகரத்தைப் பிடித்துக்கொண்டேன். கடைசி ஆணி வந்ததும் கதவுகளைத் தோளால் முட்டினீர்கள். முதலில் அசையவில்லை. நானும் சேர்ந்து முட்டினேன். ஒரு பெரிய முனகலோடு திறந்தது பாருங்கள், அடுக்களை முழுக்க வெளிச்சம். அத்தனை நாளாய் இருட்டில் லைட் போட்டுச் சமைத்த இடம் அது. கதவு விழவில்லை. பழைய தேக்கு.

பாண்டிகசாலையில் மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகளை மச்சான் கூட்டிவந்தார். அவர்களில் மூத்தவரான வர்கீஸ் சேட்டன் கப்பியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நீங்கள் அதை ஒரு பாட்டில் தேங்காயெண்ணெயால் குளிப்பாட்டினீர்கள். "முதல்ல ஃப்ரிட்ஜ் வேணாம் சேட்டா. அதைவிட கனமா சுக்கு மூட்டைய கட்டி ஏத்துங்க. அது தாங்கினா இது தாங்கும்." அந்த யோசனை அவருக்குப் பிடித்துப்போயிற்று. சுக்கு மூட்டைகள் ஏறின, இறங்கின. உத்திரம் கிறீச்சிட்டது, ஆனால் அசையவில்லை.

பிறகு ஃப்ரிட்ஜைப் பழைய மெத்தையில் சுற்றி, நிமிர்ந்த வாக்கிலேயே கயிறு கட்டினார்கள். "ஐலசா" என்று இழுத்தார்கள். அது தரையை விட்டு எழும்பியபோது சந்தே அண்ணாந்து பார்த்தது. நானும் நீங்களும் மேலே, திறந்த வாசலில். மச்சான் உங்கள் இடுப்பைச் சுற்றிச் சேலையை முறுக்கிப் பிடித்திருந்தார். பாதி உயரத்தில் அது நின்றது. சந்தின் குறுக்கே போகிற கேபிள் கம்பிகள் கயிற்றில் மாட்டிக்கொண்டன. இழுக்கவும் முடியாது, இறக்கவும் பயம். பெட்டி மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. முதல் மழைத்துளி என் கையில் விழுந்தது.

"பிடிச்சோ, பிடிச்சோ!" என்று கீழே கத்தினார்கள். அப்போது எதிர்வீட்டு மாடி ஜன்னல் திறந்தது. சாவித்திரி சேச்சி. துணி உலர்த்துகிற நீள மூங்கில் கழியை வெளியே நீட்டி, பாதி உடம்பு ஜன்னலுக்கு வெளியே, அந்தக் கம்பிகளைக் கொத்தாகத் தூக்கிப் பிடித்தார். முகம் சிவந்துவிட்டது. "வேகம் வலிச்சு கேற்று!" என்று, சீக்கிரம் இழுத்து ஏற்றச் சொல்லி ஆண்களை அதட்டினார். அவர் அப்படிக் குரலெடுத்து நான் கேட்டதே இல்லை.

கயிறு விடுபட்டது. ஃப்ரிட்ஜ் ஏறியது. நம் வாசலுக்கு நேரே வந்து ஆடிக்கொண்டு நின்றதும் நீங்கள் இரண்டு கையையும் விரித்து அதைக் கட்டிப்பிடித்து உள்ளே இழுத்தீர்கள். மச்சான் உங்களை இழுத்தார், நான் மச்சான் கையை இழுத்தேன், எல்லாரும் ஒன்றாய்ப் பின்னால் விழுந்தோம். ஃப்ரிட்ஜ் மட்டும் விழவில்லை. நிமிர்ந்து நின்றது. சந்தில் எழுந்த கைதட்டலும் விசிலும் மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நீங்கள் தரையில் உட்கார்ந்தபடி, தலையிலிருந்து முக்காடு நழுவியது தெரியாமல், "ஏறிடுச்சு புள்ள, ஏறிடுச்சு!" என்று என் தொடையில் அடித்தீர்கள்.

நம் பலகைத் தரை ஒரு பக்கம் சரிவு. நிறுத்தினால் ஃப்ரிட்ஜின் கதவு தானாகத் திறந்தது. கால் திருகுகளைத் திருகி, அதற்கும் அடங்காமல் ஒரு பலகைத் துண்டை அடியில் கொடுத்து நேராக்கினோம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். உடனே போடாதே, கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்ததால், நீங்கள் அதற்கெதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டீர்கள். அந்தி சாய்ந்து மஃரிப் தொழுதுவிட்டு வந்து சுவிட்சைத் தட்டினீர்கள். மெல்லிய முனகல் ஒன்று கேட்டது.

அன்று இரவு, உள்ளே குளிர் ஏறிய பிறகு சேச்சி படியேறி வந்தார். கையில் ஒரு எவர்சில்வர் தட்டு, அதில் உங்கள் மருந்துக் குப்பி. உங்கள் கண்ணைப் பார்க்காமல், "இது இனி இவிடெ இருக்கட்டே" என்றார். நீங்கள் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கதவைத் திறந்து, "நீங்களே வையுங்க. நடுத்தட்டுல. இதை ஏத்தினதே நீங்கதானே" என்றீர்கள். அவர் வைத்தார். பிறகு இரண்டு பேரும் அந்தத் திறந்த கதவின் முன்னால் குளிர் முகத்தில் அடிக்க நின்றுகொண்டே இருந்தீர்கள். குளிர் போகிறதே என்று நான் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

மறுநாள் வர்கீஸ் சேட்டனும் ஆட்களும் வந்து நாரங்கா வெள்ளம் குடித்தார்கள். அடுத்த வாரம் கலூர்க்காரரும் வந்தார். கதவுகளைத் தட்டித் தட்டிப் பார்த்தார், இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கினார், வாடகையைப் பற்றி வாயே திறக்கவில்லை. உங்கள் சர்க்கரை அடங்கியது. முகம் தெளிந்தது. சந்தில் இன்னும் இரண்டு மூன்று பேருடைய மருந்து நம் நடுத்தட்டுக்கு வந்து சேர்ந்தது. அவர்களில் யாரையும் வாசலில் நிற்க நீங்கள் விட்டதில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம். வளர்ந்து நின்ற என் மகளை நீங்கள்தான் மணவறைக்குக் கைபிடித்து அழைத்துப்போனீர்கள். போன மழைக்காலத்தில் ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்த நீங்கள் பிறகு எழவில்லை. ஹார்ட் என்றார்கள். சர்க்கரை உங்களை ஜெயிக்கவில்லை லாத்தா. அதை நான் எல்லாரிடமும் அடித்துச் சொல்கிறேன்.

எனக்கு உங்கள் நகை வேண்டுமா, பட்டுச்சேலை வேண்டுமா என்று மச்சான் கேட்டார். இரண்டும் உங்கள் மருமகளுக்கே இருக்கட்டும் என்றுவிட்டேன். எனக்கு வேண்டியதை நீங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள். நடக்காது என்று யாராவது சொன்னால் முன்பெல்லாம் நான் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். இப்போது நின்று, நாலு பக்கமும் பார்க்கிறேன்.

உங்களுக்குத் தெரியாத ஒரு சமாச்சாரம் சொல்கிறேன். என் மகளைக் கும்பளங்கியில் கொடுத்திருக்கிறதே, அவள் இப்போது முழுகாமல் இருக்கிறாள். இரண்டு பஸ் மாறிப் போய்வர எனக்கு நாள் போதவில்லை. ஸ்கூட்டர் பழகப் போனேன். டிரைவிங் பள்ளிக்காரர் என் நரைத்த முடியைப் பார்த்துவிட்டு, "இத்தா, இனி இதொக்கெ வேணோ?" என்று, இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்கிற மாதிரி சிரித்தார். வேணும் என்றேன். வண்டி என்மேல் விழுந்தது, நான் வண்டியோடு விழுந்தேன், முழங்கை தேய்ந்தது, லைசென்ஸ் கிடைத்தது. நேற்று முக்காட்டுக்கு மேலே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, அவளுக்குப் பிடித்த மீன்கறியை முன்னால் தொங்கவிட்டு, தனியாகக் கிளம்பினேன். இரண்டு பக்கமும் காயல் இருக்கிற அந்த ஒடுக்கமான ரோட்டில் எதிரே ஒரு பஸ் வந்தது. நிறுத்தாமல் ஓரமாய் ஒதுங்கி ஓட்டினேன், விழவில்லை. மகள் வாசலில் நின்று வாயில் கைவைத்துக்கொண்டாள். வீட்டிலிருந்து அவள் வாசல்வரை நான் ஓரிடத்திலும் தடுமாறித் தரையில் கால் ஊன்றவில்லை லாத்தா.