டேனியலின் மேசைமேல் ஒரு கிண்ணம்

நவம்பர் 11, செவ்வாய். ஊரப்பாக்கம்.

மெக்னீசியத் தீயை அணைக்கத் திரவ ஆர்கான்தான் சரி என்று ஒரு வருடமாகச் சொல்லி வருகிறேன். நைட்ரஜனுக்குள்ளும் அந்த உலோகம் எரியும். மேலாளர் டேனியல் கேட்கவில்லை. திரவ நைட்ரஜன் மலிவாம்.

இன்று எங்கள் பொழிச்சலூர் தொழிற்சாலை முற்றத்தில் செய்து காட்டினார். தட்டில் மெக்னீசியச் சீவல்களைக் கொளுத்தி, திரவ நைட்ரஜனை ஊற்றினார். வெள்ளையாய் ஆவி கிளம்பித் தீயை மறைத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ஆவிக்கு அடியில் சீவல்கள் கடைசிவரை எரிந்ததை நான் பார்த்தேன்.

"சார், அது அணையல. எரிஞ்சு முடிஞ்சிருக்கு."

"கெமிஸ்ட்ரி வாத்தியார் வந்துட்டாரு, எல்லாரும் நோட்ட எடுங்கப்பா!" என்றார் டேனியல்.

லேத்தில் மெக்னீசியம் கடையும் முருகன்கூட, "வுடு சார், அதான் அணைஞ்சிட்ச்சே" என்று சிரித்தான். நிஜமாகத் தீப்பிடித்தால் பக்கத்தில் நிற்கப்போகிறவன் அவன்தான்.

மிஞ்சிய சாம்பலை டேனியல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டுத் தன் மேசைமேல் வைத்துக்கொண்டார். நாளைக் காலை முதலாளி இந்த முறைக்கு ஒப்புதல் தர வரும்போது காட்டுவாராம்.

நைட்ரஜனில் எரிந்த மெக்னீசியச் சாம்பலில் ஈரம் பட்டால் அம்மோனியா கிளம்பும். நாற்றத்தில் பேருந்து நிலையக் கழிப்பறை தோற்றுவிடும். தீ நைட்ரஜனைத் தின்றுதான் எரிந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அவர்கள் சிரிக்காமல் இருந்திருந்தால் இதையும் சொல்லியிருப்பேன்.

கிளம்பும்போது அவர் அறைச் சன்னலைத் திறந்து, கிண்ணத்தை அதன் ஓரத்தில் நகர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இங்கே மழை பிடித்துக்கொண்டது. பொழிச்சலூரிலும் பெய்ய வேண்டும்.