இரண்டு டிஸ்க்கில் அண்ணன் குரல்

மார்ச் 3, செவ்வாய்

கம்ப்யூட்டர் சாமான் எல்லாம் வந்துவிட்டது. சாப்பாட்டு மேஜை முழுக்க அட்டைப்பெட்டி. நானே பூட்டப் போகிறேன் என்றதும் அண்ணன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! தொண்டை வலிக்கிறது என்பவர் சிரிக்க மட்டும் யோசிப்பதில்லை. "மிக்ஸி மூடியே உனக்குச் சரியா மாட்ட வராது. இனிமே நீ எஞ்சினீயரம்மா."

ஏப்ரல் ஆறாம் தேதி ஆபரேஷன். குரல்வளையை முழுசாக எடுத்துவிடுவார்கள். இருபத்திரண்டு வருஷம் மைதானத்தில் கத்திய டிரில் மாஸ்டர், விசிலே தேவைப்படாத மனிதர். அதற்குள் அவர் வாக்கியம் வாக்கியமாகப் படித்துக் கொடுத்தால், அவர் குரல் மாதிரியே பேசும் கம்ப்யூட்டர் குரல் ஒன்றை ஒரு கம்பெனியில் செய்து தருகிறார்களாம். குறைந்தது அறுநூறு வாக்கியம் வேண்டும். பாடப் புத்தகங்களை வீட்டிலேயே வாசித்துப் பதிவு செய்வதுதான் என் தொழில். மைக் இருக்கிறது, அறை இருக்கிறது. பழைய கம்ப்யூட்டர்தான் நினைத்த நேரத்தில் படுத்துக்கொள்ளும். அதை நம்பி இதை வைக்க எனக்குத் தைரியமில்லை.

மார்ச் 4, புதன்

கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் ஒரு மணி நேரம். ரெய்டு என்றால் இவ்வளவுதான்: இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது அதே நொடியில் மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தாலும் இன்னொன்று இருக்கும். ஹார்டுவேர் ரெய்டு கேட்டேன். "அதுக்குத் தனி கார்டு வேணும் மேடம். கார்டு போச்சுன்னா அதே கார்டைத் தேடி அலையணும். உங்களுக்கு மதர்போர்டுலயே இருக்கறது போதும்" என்றார்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "ஆனா ரெய்டு வேற, காப்பி வேற. வெளியே தனியா ஒண்ணு எடுத்து வையுங்க."

சரி சரி என்று தலையாட்டினேன். இரண்டு டிஸ்க்கில் இருப்பதற்கு மூன்றாவது எதற்கு? வியாபாரம் பண்ணப் பார்க்கிறார்.

மார்ச் 6, வெள்ளி

பூட்டியாயிற்று! முதல் தடவை உயிரே வரவில்லை. ஒரு பவர் ஒயரை மறந்திருக்கிறேன். அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் ஊர் முழுக்கச் சொல்லுவார்.

ஒன்றாம் டிஸ்க்கின் கேபிளில் சிவப்பு டேப், இரண்டாவதன் கேபிளில் நீலம். திரையில் இரண்டுமே பச்சையாக வந்ததும் தனியாக நின்று கைதட்டினேன். பார்க்க ஆளில்லை.

மார்ச் 9, திங்கள்

முதல் நாள், ஐம்பத்திரண்டு வாக்கியம். ஃபேன் ஓடினால் மைக்கில் இரைச்சல் விழும். அதனால் ஃபேனை நிறுத்திவிட்டேன். பத்து வாக்கியத்துக்கு ஒரு முறை கத்தல்: "ஏய் எஞ்சினீயரம்மா, ஃபேனைப் போடு! வேகுது!"

வாக்கியங்களும் ஒரு தினுசுதான். 'நாளை காலை ஏழு மணிக்குப் பேருந்து வரும்.' 'மஞ்சள் நிற வாளி எங்கே?' அண்ணன் பேப்பரைத் தள்ளிவிட்டு, "எந்த மடையன்டி இதை எழுதினது? நான் எப்ப மஞ்சள் வாளியைத் தேடினேன்?" என்கிறார். அண்ணி வாசலிலிருந்து, "பேசாம படிங்க" என்கிறாள். பேசாமல் எப்படிப் படிப்பதாம். மூன்று பேரும் சிரித்தோம்.

சாயங்காலம் உட்கார்ந்து கத்தல், இருமல், சிரிப்பு எல்லாவற்றையும் வெட்டி அழித்தேன். சுத்தமான வாக்கியம் மட்டும்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். என் வேலையில் குப்பை இருக்காது.

மார்ச் 13, வெள்ளி

நானூற்று நாற்பது. தினமும் போய் அந்தப் பச்சை விளக்குகளைப் பார்க்கிறேன். எதற்கு இத்தனை தடவை?

மார்ச் 17, செவ்வாய்

ஆபரேஷனை முன்னால் தள்ளிவிட்டார்கள். வரும் சனிக்கிழமையே. கட்டி நினைத்ததைவிட வேகமாக வளர்கிறதாம். அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தாள், கழுவினதையே திரும்பவும். அண்ணன் மைக் முன்னால் வந்து உட்கார்ந்தார். ஒரே மூச்சில் தொண்ணூறு வாக்கியம். ஃபேன் கேட்கவே இல்லை.

மார்ச் 18, புதன்

எழுநூற்று ஐம்பத்திரண்டோடு நிறுத்தினோம். மத்தியானம் ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அதிலிருந்து குரல் கம்மிவிட்டது, வெறும் காற்றுதான் வருகிறது. இனி பேச வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அறுநூறுக்கு எழுநூற்று ஐம்பத்திரண்டு. போதும்.

மார்ச் 19, வியாழன்

இரண்டாம் டிஸ்க்கிலிருந்து டக், டக் என்று சத்தம். அப்புறம் திரையில் சிவப்பு. எனக்குப் பயமே வரவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. இதற்குத்தானே ரெய்டு போட்டேன்! நாளைக் காலை புது டிஸ்க் வாங்கி மாட்டினால், நல்லதிலிருந்து அதற்குக் காப்பியாகிவிடும்.

மார்ச் 20, வெள்ளி

கை ஓடவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

செத்த டிஸ்க்கைக் கழற்றினேன். சரி. உள்ளே தூசு இருந்ததால் துடைப்பதற்காக நல்ல டிஸ்க்கையும் கழற்றினேன். ஏன் கழற்றினேன்? யார் துடைக்கச் சொன்னது? திரும்ப மாட்டும்போது கை மாறிப்போயிற்று. சிவப்பு கேபிளில் புது டிஸ்க், நீலத்தில் நல்லது. டேப்பை டிஸ்க்கில் ஒட்டாமல் கேபிளில் ஒட்டியவள் நான்தானே! எதிலிருந்து எதற்கு என்று திரை கேட்டது. ஒன்றிலிருந்து இரண்டுக்கு என்று அழுத்தினேன். பக்கத்திலேயே டிஸ்க்கின் நம்பரும் இருந்தது. படிக்கவில்லை.

காலி டிஸ்க்கிலிருந்து ஒன்றுமில்லாததை எடுத்து அண்ணன் குரல் மேல் எழுதிக்கொண்டிருந்தது. பதினொரு சதவீதம் ஆனபோதுதான், சிவப்பு கேபிளின் டிஸ்க்கில் கடையின் பிளாஸ்டிக் தாள் உரிக்காமல் இருந்ததைப் பார்த்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். திரும்பப் போட்டால் டிஸ்க் காலி என்கிறது.

மூன்று மணிக்கு அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சொல்லலாமா? சொல்லி என்ன ஆகப்போகிறது, திரும்பப் படிக்கக் குரல் எங்கே இருக்கிறது? பாவி. பாவி. ஒரு காப்பி எடுத்து வைக்க உனக்கு என்ன கேடு?

மார்ச் 21, சனி

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டருக்குத் திருப்தி.

காலையில் உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அண்ணன் என் கையைப் பிடித்தார். காற்றுக் குரலில், "எல்லாம் பத்திரமா இருக்குல்ல?" என்றார்.

"ரெண்டு இடத்துல இருக்குண்ணா."

அவர் வாயால் கடைசியாகக் கேட்ட கேள்வி அது. அதற்குப் போய்ப் பொய் சொன்னேன்.

மார்ச் 23, திங்கள்

இரண்டு டிஸ்க்கையும் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார். செத்ததைத் திறக்கவே முடியாதாம். மற்றதைக் காதருகில் வைத்துக் கேட்டார். "பாதியில நிறுத்தினீங்களே, அது நல்லதாப் போச்சு. நாலு நாள் குடுங்க. வாக்கு மட்டும் கேக்காதீங்க."

மார்ச் 25, புதன்

சோறு இறங்கவில்லை. அண்ணியைப் பார்த்தால் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மூன்று தடவை கடைக்கு போன் செய்தேன். நாலாவது தடவை அவர் எடுக்கவில்லை.

மார்ச் 27, வெள்ளி

கிடைத்திருக்கிறது! ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் ஃபைல். ஆனால் பெயர், நம்பர் எதுவும் இல்லை. சிலது உடைந்தும் இருக்கிறது.

"நான் வெச்சிருந்ததே எழுநூத்தி அம்பத்திரண்டுதானே?"

"நீங்க அழிச்சதும் சேர்ந்து வந்திருக்கு மேடம். அழிக்கறதுன்னா டிஸ்க் பேரை மட்டும்தான் கிழிக்கும். சரக்கு உள்ளேயேதான் கிடக்கும்."

வீட்டுக்கு வந்து ஒன்றைத் திறந்தேன். இருமல். அடுத்தது மஞ்சள் வாளி. அதற்கு மேல் கேட்க முடியவில்லை, மூடிவிட்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அண்ணி எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டே, "என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா? நீ ஒருத்தியே சுமந்துடுவியா?" என்றாள். அவள் கோபப்பட்டது எனக்கு வேண்டித்தான் இருந்தது.

அண்ணன் சிலேட்டை எடுத்தார். 'அன்னைக்கே தெரியும். உனக்குப் பொய் சொல்ல வராது.'

தெரிந்துமா உள்ளே போனாய் என்று கேட்டேன். அழித்துவிட்டு எழுதினார். 'ஏதாவது பேசணும்னு இருந்தது. அதான் கேட்டேன்.'

ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதேன். அழுது முடிகிற வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினார். 'மூக்கைத் துடை. ஃபைலைக் கொண்டு வா.'

ஏப்ரல் 8, புதன்

அண்ணன் வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு காலையிலேயே உட்கார்ந்துவிடுகிறார். ஒரு நோட்டில் கோடு போட்டு, ஒன்று முதல் எழுநூற்று ஐம்பத்திரண்டு வரை நம்பர் எழுதி, வருகைப் பதிவேடு மாதிரியே செய்திருக்கிறார். வாக்கியம் கிடைத்தால் டிக். இல்லாவிட்டால் 'ஆப்சென்ட்'. தன் குரலைத் தானே கேட்டு ஆஜர் எடுக்கிறார். எனக்குத்தான் பக்கத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து எழுந்து போகிறேன்.

சில சமயம் தோள் மட்டும் குலுங்கும். பயந்து ஓடினால் சிரித்துக்கொண்டிருப்பார். நான் அழித்த குப்பை எல்லாவற்றையும் தனியாக ஒரு ஃபோல்டரில் சேர்க்கிறார். தொடக்கூடாதென்று எனக்கு உத்தரவு.

ஏப்ரல் 11, சனி

ஆஜர் அறுநூற்று முப்பத்து மூன்று! குரல் செய்கிற கம்பெனிக்கு அனுப்பிவிட்டோம். அனுப்புவதற்கு முன் மூன்று காப்பி எடுத்தேன். ஒன்று அண்ணி பீரோவில், ஒன்று கடைக்காரரிடம், ஒன்று என் கைப்பையில். ரெய்டும் திரும்பப் போட்டிருக்கிறேன். டேப் இப்போது டிஸ்க் மேலேயே இருக்கிறது.

ஏப்ரல் 26, ஞாயிறு

கம்ப்யூட்டர் குரல் வந்துவிட்டது. டேப்லெட்டில் டைப் அடித்தால் பேசுகிறது. அண்ணன் குரல்தான், சந்தேகமில்லை. ஆனால் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறது. 'தயவுசெய்து தண்ணீர் தரவும்' என்றதும் அண்ணி, "யாருங்க இது நம்ம வீட்டுல?" என்றாள். கிண்டலாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மத்தியானம் பாடப் பதிவுக்காக ஃபேனை நிறுத்திவிட்டு மைக் முன்னால் உட்கார்ந்தேன். அண்ணன் பின்னால் ஈஸிசேரில் இருந்தார். இரண்டு பக்கம் வாசித்திருப்பேன்.

"ஏய் எஞ்சினீயரம்மா, ஃபேனைப் போடு! வேகுது!"

"இதோ போடறேண்ணா, கத்தாதே" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய் ஸ்விட்சைத் தட்டினேன். தட்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். மடியில் டேப்லெட், அதன் மேல் ஒரு விரல், முகமெல்லாம் சிரிப்பு.

பதிவு கெட்டது. ஃபேனை நான் நிறுத்தவில்லை.