யோனா இப்போது எங்கே?

பக்தேதா, நினிவேச் சமவெளி,
நினிவே நோன்பு முடிந்த மறுநாள்.

ஆண்டவரின் சமாதானம் உன்னோடு இருப்பதாக, என் மூத்த மகன் ஜர்ஜீசுக்கு அம்மா எழுதுவது.

முதலில் நல்ல சேதிகள். உன் தங்கை மகன் பொறியியல் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். அவன் அக்காவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. உன் தம்பி ஹபீபின் மகள் ஷ்மூனிக்கு மறைக்கல்வித் தேர்வில் முதல் பரிசு. ஐந்தாவதோடு நின்ற எனக்கு இப்படிப் பேரப்பிள்ளைகள். கண்பட்டுவிடும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. இருந்தாலும் தெரு முழுக்கத் தெரிந்திருக்கிறது.

அந்த ஷ்மூனியைப் பற்றித்தான் எழுத வந்தேன். நோன்பு வாரம் என்பதால் வகுப்பில் யோனா பாடம். நினிவேயை அழிப்பேன் என்ற ஆண்டவர், ஜனங்கள் அழுததும் விட்டுவிட்டாரே, அது நியாயமா என்று சிஸ்டர் வர்தா கேட்டாராம். நம் வீடுகளைக் கொளுத்தியவர்களையும் விட்டுவிடுவாரா என்று ஒரு பையன் திருப்பிக் கேட்டானாம். பேச்சை மாற்ற சிஸ்டர், ஆண்டவர் மன்னித்ததற்குக் கோபித்துக்கொண்டு ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்த யோனா அப்புறம் என்ன ஆனார், வேதத்தில் எழுதவில்லையே என்றாராம். நம் பிள்ளை கையைத் தூக்கியிருக்கிறாள்.

"அவரு ஸ்வீடன்ல இருக்காரு சிஸ்டர்."

வகுப்பே சிரித்ததாம். இவள் விடவில்லை.

"நெசமாத்தான். எங்க பெரியப்பா. ஆண்டவர் எங்கப்பாவத் தண்டிக்கலன்னு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லையாம். கோயில் வாசலில் சிஸ்டர் சொன்னபோது நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மாவில் கை வைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறாய். கடிதத்தை வைக்க முடியாது, படி. கறுப்புக் கொடிக்காரர்கள் வருகிறார்கள் என்று ஊரைக் காலி செய்த நாளில் நீ எர்பில் நகரத்தில் இருந்தாய். நான் வண்டிக்குள் இருந்தேன். உன் அப்பா ஏறமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "புள்ளைங்கள முதல்ல கொண்டுபோய்ச் சேருடா, அப்புறமா வந்து என்னைக் கூட்டிட்டுப் போ" என்றார். எங்களை இறக்கிவிட்டு ஹபீப் அப்போதே திரும்பினான். அதற்குள் சாலையை அடைத்துவிட்டார்கள். புருஷனை இழந்தவள் நான். அப்பாவை விட்டுவிட்டு வந்தான் என்று எனக்கு அவன்மேல் வழக்கு இல்லை.

அவனுக்கு இப்போது சர்க்கரை வியாதி. நோன்பு கூடாது என்று டாக்டர் திட்டியும், மூன்று நாளும் தண்ணீர்கூடத் தொடவில்லை. யாருக்காகடா இப்படி என்று கேட்டேன். "நான் நினிவேக்காரன்மா, வேற என்ன செய்யட்டும்" என்றான்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு ஷ்மூனிக்குப் புதுநன்மை, முதல் முறையாக நற்கருணை வாங்கப்போகிறாள். வா என்று எழுதினால் கோபிப்பாய், எழுதவில்லை. அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. மாதா உன் கூடவே இருக்கட்டும்.

உன்னுடைய புதுப் போட்டோ ஒன்று தபாலில் போடு. ஷ்மூனி கேட்கிறாள். ஹபீப் வாய்விட்டுக் கேட்கவில்லை. கூடத்துச் சுவரில் ஆணி மட்டும் அடித்து வைத்திருக்கிறான்.

உன் அம்மா
ஹன்னே