பாதியில் நின்ற கதை

ஹம்பேர்க்
12.05.2024

அன்புள்ள தம்பி யூட்சன்,

நலமா? தொலைபேசியை நீ எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

டெல்சியின் குழந்தைக்கு, என் பேத்திக்கு, ஞானஸ்நானம் கொடுத்த அன்று நீ செய்தது மனதை விட்டுப் போகவில்லை. பிள்ளை பிறந்தால் உறவுகளின் நடுவே தகப்பன் ஒரு கதை சொல்வது மருமகன் குவாபெனாவின் குடும்ப வழக்கம். கானாவில் அவருக்காகச் சொல்லப்பட்ட கதையைத்தான் இங்கே தன் மகளுக்காகச் சொன்னார். தனியே தின்ற ஆமையின் கதை. சிறுவர்கள் கைதட்டிப் பாடினார்கள். நீ மைக்கைப் பறித்து, "காப்பிலியின்ர காட்டுக் கதை காணும், பாட்டைப் போடுங்கோ" என்றாய். கறுப்பரை இழிவாகச் சொல்லும் அந்தச் சொல்லுக்கு மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேனடா. அதை நினைத்தால் கூசுகிறது.

உன் அக்கா,
டொறத்தி


கார்ல்ஸ்ரூஹே
20.05.2024

அன்பு அக்காவுக்கு,

ஒரு பகிடிக்கு இவ்வளவு கோபமா? அவர் ஜெர்மனில் கதை சொன்னார், நான் தமிழில் சொன்னேன். அவருக்கு என்ன விளங்கியிருக்கும்? டெல்சியைச் சமாளியுங்கள். முழங்கால் வலி எப்படி?

தம்பி யூட்சன்


ஹம்பேர்க்
27.05.2024

தம்பி,

அவருக்கு விளங்கியது. எங்களோடு பேச வேண்டுமென்று கல்யாணத்துக்கு முன்பே தமிழ் படித்தவர், கூச்சத்தில் பேசுவதில்லை. அன்று பாத்திரம் கழுவும்போது என்னிடம் கேட்டார்: "மாமி, நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ?"

டெல்சி இனி உன்னை அழைக்கமாட்டாளாம். சனிக்கிழமைகளில் எங்கள் தெரு நூலகத்தில் அவர் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறார். மற்றது உன் மனம்.

டொறத்தி


கார்ல்ஸ்ரூஹே
10.06.2024

அன்பு அக்காவுக்கு,

சனிக்கிழமை ஹம்பேர்க் வந்தேன். உங்கள் வீட்டுக்கு வர முகமில்லை.

நூலகத்தில் கதை பாதி போய்விட்டிருந்தது. புத்தக அலுமாரிக்குப் பின்னால் நின்றேன். குவாபெனா கண்டுவிட்டார். கதை நின்றது. வெளியே போகச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு கதிரையைத் தூக்கி வந்து பிள்ளைகளின் நடுவே வைத்தார். "எங்கட ஊரில பிந்தி வந்தவரை விட்டிட்டுக் கதை போகாது" என்று அவர்களுக்கு ஜெர்மனில் சொன்னார். பிறகு என்னிடம், தமிழில்: "இருங்கோ மாமா. முதலில இருந்து சொல்லுறன்."

ஒரு சின்னப் பெண் சலித்துக்கொண்டாள். அவர் சொன்னார், மறுபடி முதலிலிருந்து. தலை நிமிர்த்தி என்னால் பார்க்க ஏலவில்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், அக்கா. முடிந்ததும் அவர் கை கொடுத்தார். கேட்காமலே அதைக் குலுக்கிவிட்டு வெளியே வந்தேன். ரயிலில் அழுதேன். இதை அவரிடம் சொல்லாதீர்கள், நானே சொல்ல வேண்டும்.

வருகிற சனிக்கிழமையும் போவேன். சொல்ல முடியுமோ தெரியவில்லை.

யூட்சன்