ஒரே தண்ணீரில் இருபத்து நான்கு மீன்கள்

என் தம்பி மகளுக்குப் பெரியப்பா எழுதுவது. நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

நீ செய்தது தவறு. உன் மருந்து ஏற்றிய பன்னிரண்டு மீன்களில் பதினொன்று என் கண்ணெதிரே செத்தன. அது உனக்குத் தெரியும். தெரிந்தும் எந்தத் தாளிலும் அதை எழுதாமல், வருகிற வியாழக்கிழமை என் மகனின் முதுகில் அதே மருந்தை ஏற்ற நாள் குறித்திருக்கிறாய்.

போனிலேயே சொல்லியிருப்பேன். ஒன்பது முறை அடித்தேன், நீ எடுக்கவில்லை. உன் அம்மாவிடம் கேட்டதற்கு, நீ சாப்பிடக்கூட நேரமில்லாமல் அலைவதாகச் சொன்னாள். அதனால் கூரியரில் அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய வகையில். கிடைக்கவில்லை என்று பின்னால் யாரும் சொல்லக் கூடாது.

நான் எட்டாவதோடு நின்றவன், பம்பு மெக்கானிக். ஆனால் உன் ஆய்வுக்கூடத்தில் மீன்கள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது நீ கூப்பிட்டது என்னைத்தான். படித்த நான்கு பேர் தண்ணீரைச் சோதித்துக் கொண்டிருந்தார்கள். நான் குழாயைத் தடவிப் பார்த்து, வடிகட்டிக்குப் பின்னால் யாரோ மாட்டியிருந்த செம்பு இணைப்பைக் கழற்றினேன், செம்பு மீனுக்கு விஷம். சாவு நின்றது. அன்றிலிருந்து ஆறு வருடம் மீன் அறை என் பொறுப்பு. உன் மாணவர்கள் எனக்குத் 'தொட்டி சார்' என்று பெயர் வைத்தார்கள். கேலிதான். ஆனாலும் தண்ணீர் சூடு ஒரு டிகிரி ஏறினால் அந்த சாரைத்தான் தேடி ஓடி வந்தார்கள்.

நீ கொடுத்த புத்தகங்களை அகராதி வைத்துப் படித்தேன். மனிதனுக்குத் தண்டுவடம் அறுந்தால் அறுந்ததுதான். இந்த விரல் நீள வரிக்குதிரை மீனுக்கோ அது தானாகவே ஒட்டிக்கொள்கிறது. நீ மயக்கம் கொடுத்து, சின்னக் கத்தரியால் தண்டுவடத்தை வெட்டிவிடும்போது அது வாலை இழுத்துக்கொண்டு தொட்டி அடியில் கிடக்கும். எட்டாவது வாரம் பழையபடி நீந்தும். உன் மருந்து ஏற்றிய மீன் மூன்றாவது வாரமே நீந்தியது. அன்று நீ அழுதாய். நானும்தான். உன் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஏறிய என் மகன் கீழே விழுந்து தண்டுவடம் அறுந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. நீதான் அவனை ஏறச் சொன்னாய் என்று உன்னை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. இன்றும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் அதைப் பற்றியதல்ல.

எட்டு வாரம் முடிந்த மீனை ஐஸ் தண்ணீரில் போட்டுக் கொன்றுவிட வேண்டும் என்பது உன் அறையின் விதி. நீரோட்டக் குழாயில் நீந்தவிட்டுப் பார்த்தாயிற்று, எழுதியாயிற்று, இனி அது வேண்டாம். அந்த வாளியை என்னிடம் கொடுத்தாய். மறுபடி நீந்தக் கற்றுக்கொண்ட ஒன்றை ஐஸில் போட எனக்குக் கை வரவில்லை. பம்பு அறைக்குப் பின்னால் கிடந்த பழைய தொட்டியைக் கழுவி, மருந்து ஏற்றியவை பன்னிரண்டு, ஏற்றாதவை பன்னிரண்டு என்று விட்டேன். அடையாளத்துக்கு வாலில் வெட்டிய துண்டு மறுபடி வளர்ந்துவிடும் என்று தெரியும். அதனால் முதல் நாளே நடுவில் வலை அடித்தேன். இடப் பக்கம் மருந்து ஏற்றியவை, வலப் பக்கம் ஏற்றாதவை. தண்ணீர் ஒன்று, தீனி ஒன்று, விளக்கு ஒன்று.

விதியை மீறினேன். மறுக்கவில்லை. அதை உன்னிடம் உடனே சொல்லாதது என் தப்பு. வேலை போய்விடும் என்று பயந்தேன்.

ஐந்தாவது மாதம் இடப் பக்கத்து மீன் ஒன்று நிற்க முடியாமல் நீந்த ஆரம்பித்தது. தீனி போட்டாலும் நிற்காது, கண்ணாடியில் மூக்கு இடித்தாலும் நிற்காது. மூன்றாம் நாள் அதன் முதுகு வளைந்தது. வெட்டிய இடத்துக்கு மேலே, தலையை ஒட்டி, கடுகளவு வீக்கம். அப்புறம் செவுள் அசைவது நின்றது. ஒரு வாரத்தில் அடுத்தது. பிறகு இரண்டு சேர்ந்து. வெட்டிய இடத்தை ஒட்டவைக்க நீ கிளப்பிவிட்ட வளர்ச்சி, ஒட்டிய பிறகும் நிற்காமல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஏழாவது மாதம் இடப் பக்கத்தில் ஒன்றுதான் மிச்சம். வலப் பக்கத்தில் இரண்டுதான் குறைவு. அதிலும் ஒன்று மூடி திறந்திருந்தபோது வெளியே துள்ளி விழுந்து செத்தது. அது என் கவனக்குறைவு. அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

உன்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். நீ நெடுநேரம் குனிந்து பார்த்தாய். நிமிர்ந்தபோது உன் முகத்தில் ரத்தமே இல்லை. நீ முதலில் கேட்டது மீனைப் பற்றியல்ல.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா பெரியப்பா?"

இல்லை என்றேன்.

"இது விதியை மீறி வெச்ச மீன். பழைய தொட்டி, பழைய தண்ணி. இது டேட்டாவே இல்ல. விட்ருங்க."

தண்ணீர் கெட்டதென்றால் வலைக்கு அந்தப் பக்கம் மட்டும் எப்படி நன்றாக இருக்கிறது என்று கேட்டேன். நீ கை கழுவப் போனாய்.

மறுநாள் காலை தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வலையைக்கூடக் காணோம். என் சாவி மீன் அறைக் கதவில் நுழையவில்லை, பூட்டை மாற்றிவிட்டீர்கள். ஆறு வருட உழைப்புக்கு வாசலில் நின்று வாங்கிய மரியாதை அது. ஆனால் மீன் அறையைப் பெருக்கும் அம்மா என்னிடம் பொய் சொல்ல மாட்டாள். வலப் பக்கத்துப் பத்தையும் ஐஸில் போடச் சொன்னாயாம். இடப் பக்கத்தில் மிஞ்சிய ஒன்றை மட்டும் கண்ணாடிக் குவளையில் நீயே மாடிக்கு எடுத்துப் போனாயாம். இரண்டு நாள் கழித்து நுண்ணோக்கி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாயாம். டேட்டா இல்லாத மீனை யாரும் மாடிக்குத் தூக்கிப் போக மாட்டார்கள். நீ அறுத்துப் பார்த்துவிட்டாய். என்ன பார்த்தாய் என்று நான் கேட்கவில்லை. நீ அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்காததே போதும்.

நேற்று மகனிடம் பேசினேன். மருமகள்தான் போனை அவன் காதில் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "போன வருஷம் இந்த மருந்துக்குச் சம்மதிடான்னு சொன்னது நீங்கதானப்பா" என்றான். ஆமாம் என்றேன்.

"அஞ்சு மாசம் நடந்தாப் போதும்ப்பா. பாத்ரூமுக்கு நானா போயிட்டு வந்தாப் போதும்."

மருமகள் போனைத் தன் காதுக்கு எடுத்து, அவனுக்கு ஏற்கெனவே காலில் என்னமோ துடிக்கிற மாதிரி இருக்கிறதாம், ஆசைதான் மாமா, என்றாள். அந்த ஆசையை வைத்துத்தான் நீ அவனைச் சம்மதிக்க வைத்திருக்கிறாய். அதற்கு முன்னால் நான்.

இனி செய்ய வேண்டியவை. குழப்பம் வேண்டாம் என்று ஆள்வாரியாக எழுதுகிறேன்.

மருமகள்: புதன்கிழமை சாயங்காலம் கொண்டுவரும் இரண்டாவது சம்மதத் தாளில் அவனுக்காகக் கையெழுத்துப் போடக் கூடாது. அவளுக்குத் தனியாக எழுதிவிட்டேன்.

பெருக்கும் அம்மா: அவள் பார்த்ததைக் கேட்டால் சொல்ல வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். அவள் வேலையில் யாரும் கை வைக்கக் கூடாது. இது உன் பொறுப்பு.

நான்: செத்த பதினொன்றையும் தேதி எழுதிப் புட்டிகளில் போட்டு வீட்டில் வைத்திருக்கிறேன். உனக்கு இது தெரியாது. புதன்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் உன்னிடமிருந்து பதில் வராவிட்டால், புட்டிகளையும் நோட்டையும் அவனுக்கு மருந்து ஏற்றப்போகும் மருத்துவமனையில் இதற்கு அனுமதி கொடுத்த ஒப்புதல் குழுத் தலைவர் மேசையில் நானே கொண்டுபோய் வைப்பேன். ரயிலுக்குச் சீட்டு எடுத்தாயிற்று. உன் பெயர் கெடும். எனக்குத் தெரியும்.

நீ: மாடியில் அந்த மீனை அறுத்து நுண்ணோக்கியில் எடுத்த படங்களை அந்தக் குழுவுக்கு நீயாகவே அனுப்ப வேண்டும். நான் வருவதற்கு முன் அனுப்பினால் நான் புட்டிகளைத் திறக்க மாட்டேன். மருந்தை நிறுத்துவது எப்படி, வளர்ச்சி ஒட்டிய இடத்தோடு நிற்க என்ன செய்ய வேண்டும் என்று மறுபடி முதலிலிருந்து மீன் வைத்துப் பார்க்க வேண்டும். எட்டு வாரம் அல்ல, ஒரு வருடம். தண்ணீர் பார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. அவனிடம் நீதான் சொல்ல வேண்டும். நான் சொன்னதை அவன் கிழவன் பயம் என்று எடுத்துக்கொண்டான். பக்கத்தில் உட்கார்ந்து, "நானே பார்த்தேன் தம்பி" என்று சொல். அவன் உன்னைத் திட்டுவான். திட்டட்டும். வியாழக்கிழமை காலை அவன் முதுகைத் துடைத்துத் தயார் செய்ய ஆள் வருவதற்கு முன் சொல்லிவிடு.

நேரத்துக்குச் சாப்பிடு. உனக்கும் அவனுக்கும் நீண்ட ஆயுள் வேண்டும்.

உன் பெரியப்பா.