அழுகாச்சிப் பாட்டு

ஐப்பசி 5, புதன்

காலையிலிருந்து தூறல். கீரமங்கலம் முழுக்கச் சேறு. வாங்க வேண்டியது: கொக்கி, கறுப்பு நூல், அம்மாவுக்கு இருமல் மருந்து.

நேற்று வக்கீல் ஆபீஸில் விவாகரத்து மனு. நானும் புருஷன் மு.வும் கையெழுத்து. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நானும்தான். பஸ்ஸில் அழவில்லை. வீட்டுக்கு வந்து சட்னி அரைக்கும்போது அழுதேன். மிக்ஸி சத்தத்தில் அம்மாவுக்குக் கேட்டிருக்காது.

கேட்கிற பாட்டை வைத்து ஆளைச் சொல்லிவிடுவேன் நான். போனில் சாமிப் பாட்டு வைத்திருக்கிறவள் தையல் கூலியில் கறாராகப் பேரம் பேசுவாள். தப்பியதே இல்லை. புருஷனையும் அப்படித்தான் எடை போட்டேன். நாலு வருஷம், கடலிலிருந்து வந்து குளித்ததும் அழுகாச்சிப் பாட்டு. சாப்பிடும்போதும் அதே. கல்யாணத்தன்று வைத்த காலர் டியூன்கூட அதுதான். யாரையோ பறிகொடுத்தவன் கேட்கிற பாட்டு. எவளை என்று கேட்டால் சிரிப்பார். கேட்டுக் கேட்டு அலுத்துத்தான் வந்துவிட்டேன்.

ஐப்பசி 6, வியாழன்

மழை விட்டது. என் தையல் மெஷின் இன்னும் மீமிசலில், அவர் வீட்டில். அது வரும்வரை கைவேலைதான். காஜா, கொக்கி, ஓரம்.

சந்தையில் அம்மா ஒரு மீமிசல்காரியைப் பார்த்தாளாம். மு. வீட்டில் விடிந்தால் குத்துப்பாட்டாம், தெருவே அதிர்கிறதாம். "தொல்லை விட்டுச்சுன்னு ஆடுறான்டி," என்றாள்.

காஜா கோணல். பிரித்துப் போட்டேன். மறுபடி கோணல். அவ்வளவு பாரமாகவா இருந்தேன்?

ஐப்பசி 9, ஞாயிறு

நல்ல வெயில். மெஷின் வந்துவிட்டது. மு.வோடு கடலுக்குப் போகும் செல்வம் லோடு ஆட்டோவில் கொண்டு வந்தான். அங்கிட்டு வை, இங்கிட்டு வை என்று அம்மா அவனைப் பாடாய்ப் படுத்தினாள். டீ கொடுத்தேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். வாய் நிற்கவில்லை. உங்க அண்ணன் ரொம்பக் குஷியாமே, குத்துப்பாட்டாமே என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்தான்.

"குஷியா? வலையில ஒண்ணும் விழுகாத அன்னைக்குத்தான் மதினி அண்ணன் குத்துப்பாட்டுப் போடும். மனசு விட்டுறக் கூடாதுன்னு. வலை நெறஞ்சு திரும்பயில அழுகாச்சிப் பாட்டுத்தான். சந்தோசமா இருக்கயிலதான்டா அதக் கேக்கத் தெம்பு இருக்கும்னு சொல்லும்."

அவன் போன பிறகு மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். நாலு வருஷம். ஒரு நாள் விடாமல் அழுகாச்சிப் பாட்டு. என் பக்கத்தில் உட்கார்ந்து.

மடச்சி. வடிகட்டின மடச்சி.

சாயங்காலம் அவருக்குப் போன் போட்டேன். காலர் டியூனை மாற்றியிருக்கிறார். குத்து. எடுக்கவில்லை.

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கும் கேட்டது.

"பாத்தியா, எம்புட்டுச் சந்தோசமா இருக்கான்னு," என்றாள்.

பாட்டு முடிந்து கட் ஆனது. மறுபடி அடித்தேன்.