கடைத்தெருக் கம்பங்கள்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவும் நானும் உடம்பளவில் சௌக்கியம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே, அது ஒரு மாதமாகக் கொதித்துக்கொண்டு கிடக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "விடும்மா, உனக்கு எதுக்கு இந்த டென்ஷன்" என்று சொல்லிவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். இதில் நீ குறுக்கே பேச முடியாது, முழுசாகப் படித்துத்தான் தீரவேண்டும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நீ வேலைக்குப் போகிற சைக்கிள் பாதையைப் படம் பிடித்து அனுப்புவதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வை. வழுவழுவென்று தரையும், ஓரத்தில் மரமும், பெண்கள் குழந்தையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஹாயாகப் போவதும், பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. அப்பா அதை எல்லோரிடமும் காட்டி மகன் இந்த வழியாகத்தான் ஆபீஸ் போகிறான் என்று பெருமை அடித்துக்கொள்கிறார், பக்கத்திலேயே நான் ஒருத்தி மாநகராட்சி சாலைப் பிரிவில் உட்கார்ந்து தெருப்படம் வரைகிறேன் என்பது அவருக்கு ஞாபகமே வருவதில்லை. இத்தனை வருஷமாக வண்டிகளுக்கு ரோடு வரைந்து கொடுத்தவள், நடக்கிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் ஊரை இணைத்துப் பாதை போடப்போகிறோம் என்றதும் எவ்வளவு ஆசையாக வரைந்தேன் தெரியுமா. நம் ஊர் என்ன அவ்வளவு பெரிய ஊரா, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சைக்கிளிலேயே போய்விடலாம், பயம் ஒன்றுதான் யாரையும் போகவிடாமல் வைத்திருக்கிறது.

பள்ளிக்கூடம் இருக்கிற பக்கம் பாதை போட்டாகிவிட்டது. ஆஸ்பத்திரியும் ஸ்டேஷனும் இருக்கிற பக்கமும் போட்டாகிவிட்டது. நடுவில் கடைத்தெரு மட்டும் பாக்கி. அது இல்லாவிட்டால் மற்ற இரண்டும் இருந்து என்ன பயன், இரண்டு கையையும் தைத்துவிட்டு உடம்பை விட்டுவிட்ட சட்டை மாதிரிதான். இதை எங்கள் பொறியாளரிடம் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். நீ இருக்கும்போது வேறு ஆள், இவர் புதிது. எதைச் சொன்னாலும் "பார்க்கலாம்" என்பார், அதனால் ஆபீஸில் அவருக்குப் பெயரே பார்க்கலாம்தான். பார்க்கலாம் வந்துவிட்டாரா, பார்க்கலாம் சாப்பிடப் போயிருக்கிறார் என்றுதான் பேச்சு. கடைசியில் அவரே ஒருநாள் மனசு இறங்கி, நிரந்தரமாக வேண்டாம், ஒரு மாதம் வைத்துப் பார்க்கலாம் என்றார். அதற்கே நான் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

கடைத்தெரு நடைபாதையின் கதி உனக்குத் தெரியும், பாதிக்கு மேல் சாமான், மீதியில் படிக்கட்டு. அதனால் கார் நிறுத்துகிற ஓரத்தை எடுத்து, ரப்பர் அடி வைத்த ஆரஞ்சுக் கம்பங்களை வரிசையாக நிறுத்தி, உள்பக்கம் நடக்கவும் அதை ஒட்டிச் சைக்கிளுக்கும் இடம் விட்டோம். முதல் நாள் நானே போய் நின்று பார்த்தேன். ஜனங்கள் முதலில் உள்ளே வரவே தயங்கினார்கள், யாரோ திட்டப்போகிற மாதிரி. மதியத்துக்குள் பழகிவிட்டது. ஒரு அம்மா தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு கடை கடையாக வேடிக்கை காட்டிக்கொண்டே போனாள். எனக்குச் சாப்பிடாமலே வயிறு நிறைந்துவிட்டது.

மறுநாள் காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பார்க்கிறேன், உன் மாமா பெயிண்ட் கடைக்கு முன்னால் மட்டும் கம்பங்களைக் காணோம். யாரோ எடுத்து ஓரமாக வைத்திருக்கிறார்கள். நானே தூக்கி வைத்தேன், இடுப்பு போய்விட்டது. அதற்கு மறுநாளும் அப்படியே, அதற்கு அடுத்த நாளும். சைக்கிளில் வருகிறவர்கள் மாமா கடை வந்ததும் பொசுக்கென்று ரோட்டுக்குள் திரும்ப வேண்டியிருந்தது, பாதையே இல்லாமல் இருந்தால்கூட இவ்வளவு ஆபத்தில்லை. பார்க்கலாம் யாரோ குடிகாரன் வேலை என்றார். நான் அந்தக் கம்பங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். எந்தக் குடிகாரனப்பா கம்பங்களைச் சுவரோடு ஒட்டி, ஒன்றுபோல அடுக்கி, அதில் இருக்கிற மின்னும் பட்டை அத்தனையும் தெருவைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைப்பான்? பெயிண்ட் டப்பாவை லேபிள் வெளியே தெரிகிற மாதிரி அடுக்காவிட்டால் தூக்கம் வராத மனுஷன் இந்த ஊரிலேயே ஒருவர்தான். என் கூடப்பிறந்த அண்ணன்.

நேரே கடைக்குள் போய்க் கேட்டேன். மறுக்கவில்லை, அதுதான் அவரிடம் இருக்கிற நல்ல குணமோ கெட்ட குணமோ தெரியவில்லை. "ஆமா, நான்தான் எடுத்தேன். கஸ்டமர் வண்டி எங்க நிக்கும்? உன் தலையிலயா?" என்றார். நான், இங்கே காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நிற்கிறது உங்கள் கார் ஒன்றுதான் அண்ணா, அதை நகர்த்தினால்தானே கஸ்டமர் வண்டி நிற்க இடம் கிடைக்கும் என்றேன். கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. வியாபாரிகள் சங்கத் தலைவரான தன்னைப் பார்த்துத் தன் கடையிலேயே எல்லோரையும் தங்கை சிரிக்க வைத்துவிட்டாள் என்று முகம் சிவந்து, "உனக்குப் படம் வரையத் தெரியும், கடை நடத்தத் தெரியுமா? இனிமே நீ என் கடைப் படி ஏறாத" என்றுவிட்டார். நானும் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னால், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, நீ சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று இரண்டு பக்கமும் தலையாட்டினார். எனக்கு அண்ணன் மேல் வந்த கோபத்தைவிட அப்பா மேல்தான் அதிகம் வந்தது.

என் ஆத்திரத்துக்குக் காரணம் கம்பம் மட்டுமில்லை. உன் அத்தை போன வருஷம் எங்கே விழுந்தார்? அதே தெருவில். தினமும் மாமாவுக்குச் சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு நடந்து போகிறவர், நின்றிருந்த ஒரு காரைச் சுற்றி ரோட்டில் கால் வைத்தபோதுதான் அந்த மோட்டார் சைக்கிள் உரசியது. இடுப்பு எலும்பில் தகடு வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், நடந்தால்தான் கால் உங்களுடையது, உட்கார்ந்தீர்களோ அவ்வளவுதான் என்று பச்சையாகச் சொன்னார். அதற்குப் பிறகு அத்தை நடந்ததெல்லாம் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில்தான். வாசலைத் தாண்டச் சொன்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். கொஞ்ச நாளாக அந்த நடையும் குறைந்துகொண்டே வந்தது, எழுந்திருக்கவே இன்னொருவர் கை வேண்டியிருந்தது. இத்தனையும் பக்கத்தில் இருந்து பார்த்த மனுஷன் அந்தக் கம்பங்களை எடுத்து ஓரம் கட்டுகிறாரே என்றுதான் எனக்கு ஆறவில்லை.

இப்போது கேள். ஒருநாள் மதியம், கடையிலிருந்து சாப்பாடு எடுக்க வரும் ஆள் வரவில்லை என்று பார்த்துவிட்டு, அத்தை ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் எட்டிப்பார்க்க வந்திருக்கிறார். கம்பத்துக்கு உள்பக்கம் எல்லோரும் நிம்மதியாகப் போவதைப் பார்த்திருக்கிறார். என்ன தோன்றியதோ, திரும்பிப் போய் கேரியரை எடுத்துக்கொண்டு அவரும் நடந்துவிட்டார். எந்த வண்டிக்கும் ஒதுங்கவில்லை, எங்கேயும் பயந்து நிற்கவில்லை. மாமா கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் எதிரே அத்தை கேரியரோடு நிற்கிறார். இதை எனக்குச் சொன்னது அத்தையேதான், போனில் சின்னப்பெண் மாதிரி சிரித்துக்கொண்டு, "உங்க அண்ணன் வாயைத் திறந்தார், மூடவே இல்ல" என்றார். அதற்குப் பிறகு தினமும் போனார். கன்னம்கூடக் கொஞ்சம் பூசினாற்போல ஆகிவிட்டது. நல்லவேளை அன்று காலையில் நானே திரும்ப நிறுத்தி வைத்திருந்தேன், மாமா கடை முன்னால் கம்பங்கள் இருந்தன. மறுநாளிலிருந்து அவற்றை யாரும் தொடவில்லை. ஒருநாள் லாரி இடித்துச் சாய்ந்த கம்பத்தை மாமாவே நிமிர்த்தி வைத்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். மின்னும் பட்டையைச் சரியாகத் தெருப்பக்கம் திருப்பினார். என்னைப் பார்த்ததும் டப்பா துடைக்கப் போய்விட்டார்.

சரி, நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நினைத்தேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். மாதம் முடிவதற்கு முன்னாலேயே ஒரு லாரி வந்து அத்தனை கம்பங்களையும் அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விட்டது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓடிப்போய்க் கேட்டால், பார்க்கலாம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, வியாபாரிகள் சங்கத்திலிருந்து புகார் மேலிடத்துக்கே போயிருக்கிறது, நான் என்ன செய்ய முடியும் என்கிறார். அந்தப் புகார் உன் மாமா என்னோடு சண்டை போட்ட அன்றே, சூடு தணிவதற்குள் சங்கத்தின் பேரில் சொல்லிவிட்டு வந்தது. சொன்னவர் அதை மறந்தே போய்விட்டார். மேலிடம் மட்டும் மறக்கவில்லை. குப்பை அள்ளவில்லை என்று நாம் தொண்டை கிழியக் கத்தினால் காது கேட்காத ஆபீஸுக்கு இது மட்டும் எப்படித்தான் கேட்டதோ!

மாமா ஆபீஸுக்கு வந்தார். நான் தலையைத் தூக்காமல் வரைந்துகொண்டிருந்தேன், அவரும் என் மேஜைப் பக்கம் திரும்பாமல் நேரே உள்ளே போனார். புகாரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், கம்பத்தைப் பழையபடி வையுங்கள் என்று கேட்டிருக்கிறார். பார்க்கலாம், "நீங்க சொன்னதாலதான சார் எடுத்தோம்? இப்ப நீங்களே வைக்கச் சொன்னா மேல நான் என்ன பதில் சொல்றது?" என்றது வெளியே எனக்கே கேட்டது. அப்புறம் மாமாவின் குரல் இறங்கிவிட்டது. கடைசியில் என்ன பதில் வந்திருக்கும் என்று நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. கடைத்தெருவுக்குக் கார் நிறுத்துகிற ஓரத்தைப் பழையபடி வரைந்து கொடுக்கச் சொல்லி என்னிடமே உத்தரவு வேறு. நான் போட்ட கோட்டை நானே அழிக்கவேண்டுமாம். இன்னும் தொடவில்லை, கேட்டால் பார்க்கலாம் என்று சொல்லப் போகிறேன்.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். சாயங்காலம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன், கடைத்தெருவில் நுழைந்ததும் வண்டி ஊர ஆரம்பித்தது. முன்னாலும் பின்னாலும் காது கிழிகிற ஹாரன். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யாருங்க அந்தப் பெரியவர், ரோடு என்ன அவரு வீட்டுக் கூடமா?" என்று கத்துகிறார். உள்ளே இருந்தவர்களும் உச்சுக் கொட்டுகிறார்கள். எட்டிப்பார்த்தேன். ஓரம் முழுக்கக் கார்கள் நின்றன. மாமா இப்போதெல்லாம் தன் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார், அந்த இடத்திலும் வேறு யாரோ கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். கார்களுக்கு வெளியே, ரோட்டில், அத்தை காலிக் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஊன்றுகோலோடு அடி மேல் அடி வைத்து வீட்டுக்குப் போகிறார். அவருக்குப் பின்னால் உன் மாமா, இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு, முதுகைப் போக்குவரத்துக்குக் காட்டிக்கொண்டு நடக்கிறார். அத்தனை ஹாரனும் அவருக்குத்தான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நீ சைக்கிள் பழகியபோது இப்படித்தான் உன் பின்னால் கையை விரித்துக்கொண்டு வந்தார், அப்போது அவருக்குத் தலை நரைக்கவில்லை. எனக்கு அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். கம்பத்தை எடுத்து ஓரம் கட்டிய மனுஷன் கம்பமாக நிற்கிறாரே என்று அந்தக் கோபத்திலும் தோன்றியது.

டிரைவரிடம் சொல்லி அங்கேயே இறங்கிக்கொண்டேன். போய் மாமாவுக்கு வெளிப்பக்கமாக, ரோட்டுப் பக்கமாக நடந்தேன். அவர் கையை மடக்கவில்லை, என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. கொஞ்ச தூரம் போனதும், "பின்னால பஸ் வருதா பாரு" என்றார். சண்டைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். வருதுண்ணா, மெதுவாத்தான் வருது என்றேன். அத்தை முன்னாலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து, ரோட்டில் பேசிக்கொண்டு வராதீர்கள் என்று அதட்டல் போட்டார். வீடு வரைக்கும் அப்படியே போனோம். ஆனால் தினமும் இப்படி எத்தனை நாளைக்கு? மாமாவுக்கும் வயசாகிறது, அத்தை இன்று காலையில் நான் இனிமேல் போகவில்லை, உங்களை எவனாவது இடித்துவிடுவான் என்று கேரியரை உள்ளே வைத்துவிட்டாராம். கொஞ்சம் தேறிய கால் மறுபடியும் கூடத்துக்குள் முடங்கப்போகிறது.

மாமா உனக்குப் போன் பண்ணுவார். மறுபடியும் கம்பம் வைக்க வழி உண்டா என்று என்னிடம் நேராகக் கேட்க வாய் வராது, உன்னைத் தூது விடுவார். நீ தூது போகாதே. நேராகத் தங்கையிடம் கேளுங்கள் மாமா, சங்கத்தில் இருக்கிற எல்லாக் கடைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போய்க் கேளுங்கள், ஒவ்வொருவர் வீட்டிலும் நடக்க முடியாதவர் ஒருவர் இருப்பார் என்று மட்டும் சொல். படம் தயாராக இருக்கிறது, அழிக்கவில்லை என்றும் சொல். அத்தைக்கும் ஒரு போன் போடு, நீ சொன்னால் கேட்பார், கூடத்துக்குள்ளேயாவது நடையை விடவேண்டாம் என்று சொல். அப்பா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார், புதுப் படம் எப்போது அனுப்புவாய் என்றும் கேட்கச் சொன்னார், அனுப்புவதென்றால் அவருக்கு மட்டும் அனுப்பு.

கை கால் சுகத்தோடு, மனசு நிறைந்து, நீ நினைத்ததெல்லாம் கைகூடி நீடூழி இருக்க வேண்டும். எவ்வளவு நல்ல பாதையாக இருந்தாலும் தலைக்கவசம் இல்லாமல் சைக்கிளை எடுக்காதே, இருட்டினால் பின்விளக்கு எரிகிறதா என்று இறங்கிப் பார்த்துக்கொள். அங்கே உன் பின்னால் கையை விரித்துக்கொண்டு வர யாரும் இல்லை.

என்றும் உன் நினைவோடு,
அம்மா